மாதவிடாய் நிற்கும் கால முடி உதிர்வு

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதும், வயதும் மரபும் சேர்வதும் பெண்களின் தலைமுடியை மெலியவைக்கும் நிலை. இந்தியப் பெண்களிடம் பெரும்பாலும் 45 வயதை ஒட்டித் தெரியவரும்.

முழு வழுக்கை அரிது. வகிடு அகலும், கொண்டை சிறுக்கும், முன்நெற்றி வரிசை மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தோல் மருத்துவர் லுட்விக் 1977இல் இந்த மெலிவை மூன்று படிகளாக வகுத்தார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட வட்டாரங்களில் உப்புத்தண்ணீர் மேல் பழி போடுவது எளிது. அது முடியைச் சிக்காக்கும், முறிக்கும், வேரைத் தொடாது. இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே தோற்றம் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையே முதல் படி.

மருந்துகளில் முதன்மையானது மினாக்சிடில். அமெரிக்கா 1991இல் பெண்களுக்கு 2 சதவீதக் கரைசலை அனுமதித்தது. தடவத் தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு கூடலாம். பலர் பயந்து கைவிடுவது இங்கேதான். பலன் தெரிய நான்கைந்து மாதம் பிடிக்கும். நிறுத்தினால் உதிர்வு திரும்பும்.