முடிச்சவிழ்க்கியின் பாட்டு

பேருந்து நிலைய ஒலிபெருக்கி ‘பிக்பாக்கெட் ஜாக்கிரதை’ என்று அறிவிக்கும்போதெல்லாம் என் கை தானாகவே சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும். அப்படித் தொடுவதைக் கவனிக்கவென்றே யாரேனும் அங்கு நிற்கக்கூடும் என்பதை, லண்டன்வாசியான ராபர்ட் கிரீனைப் படித்த பிறகே உணர்ந்தேன்.

ஷேக்ஸ்பியரை ஏசிய நூலொன்று 1592இல் கிரீனின் பெயரில் வெளிவந்தது. இலக்கிய வரலாறு அவரை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அதனால்தான். ஆனால் 1591, 1592 ஆண்டுகளில் லண்டன் எத்தர்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல்கள் இன்றும் சுவையானவை. (1552இல் வந்த ஒரு சூதாட்ட எச்சரிக்கை நூலிலிருந்து சொல்லாமல் எடுத்த பகுதிகளும் அவற்றில் உண்டு. திருட்டைப் பற்றி எழுதியவரும் திருடியிருக்கிறார்!)

ஏமாறுகிறவனுக்கு அந்நூல்களில் முயல் என்று பெயர். நாட்டுப்புறத்திலிருந்து வந்தவனைப் பழகியவன்போல ஒருவன் வணங்குவான். “ஆள் மாறிவிட்டது ஐயா, நான் இன்னார், இன்ன ஊர்” என்பான் வந்தவன். மன்னிப்புக் கேட்டு விலகியவன், அறிந்ததைக் கூட்டாளியிடம் சேர்ப்பிப்பான். அடுத்த திருப்பத்தில் அக்கூட்டாளி எதிர்ப்பட்டுப் பெயர் சொல்லி அழைத்து ஊர் நலம் விசாரிப்பான். முகமறியா நகரில் தன் பெயர் சொல்லும் குரலை யாரால் தள்ள முடியும்? பிறகு மதுக்கடை, சீட்டாட்டம், வெறும் பை.

ஆயினும் என்னை அயர வைத்தது பாடகர்களின் தந்திரம். தெருவில் பாடுகிறவர்கள் கூட்டம் சேர்ந்ததும் முடிச்சவிழ்க்கிகளிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வார்கள். உடனே ஒவ்வொருவரும் தத்தம் பணப்பையைத் தடவிப் பார்ப்பார்கள். எது எங்கே இருக்கிறதென்று உடனிருக்கும் திருடர்களுக்குத் தெரிந்துவிடும்.

இதையே பென் ஜான்சன் 1614இல் ‘பார்த்தலோமியூ ஃபேர்’ நாடகத்தில் மேடையேற்றினார். ஹாரோவிலிருந்து ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கு வரும் கோக்ஸ் செல்வந்தன், வெகுளி. ஒரு பையை முன்பே பறிகொடுத்தவன். நைட்டிங்கேல் என்ற பாடகன் முடிச்சவிழ்க்கிகளை எச்சரித்துப் பாட, கோக்ஸ் மெய்மறந்து கேட்கிறான். எட்ஜ்வொர்த் ஒரு வைக்கோலால் அவன் காதைக் கூசச் செய்கிறான். சொறிவதற்காகக் கை பையை விட்டு வெளியே வருகிறது. பணப்பை மறைந்து பாடகனிடமே போய்ச் சேர்கிறது.

அருகே இரண்டு கனவான்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கைத்திறனை வியக்கிறார்கள், சிரிக்கிறார்கள். கோக்ஸிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.