பெற்றதும் விட்டதும்: ஸ்கடர் குடும்பமும் வேலூர்க் கல்லூரியும்

தியானப் பகுதி: 2 தீமோத்தேயு 1:3-7



கோடைக்கானலுக்குச் செல்லும் நம்மில் பலர் ஏரியையும் கோக்கர்ஸ் வாக்கையும் கண்டு, மலைப்பூண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்த மலைக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகளின் வீடுகளில் காலராவும் காய்ச்சலும் அடுத்தடுத்து உயிர்களைக் கொண்டுபோயின. தப்பிப்பிழைக்க ஓர் இடம் தேடியவர்கள், 1845 ஆம் ஆண்டில் பழனி மலையின்மேல் சன்னிசைட், ஷெல்ட்டன் என்னும் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் செல்லும் சாலை வருவதற்கு முன்பு, அம்மையநாயக்கனூரிலிருந்து மாட்டுவண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலோதான் மேலே ஏற வேண்டும். சுமந்துசென்றவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. கர்த்தருடைய புஸ்தகத்தில் அவை இருக்கும் என்று நம்புகிறேன்.

அந்தக் கோடைக்கானலில், ஹில்டாப் என்று பெயரிடப்பட்ட வீட்டில், 1960 மே மாதத்தில் 89 வயதான ஓர் அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர் அவரே. நம் சபையில் வேலூர் ஆஸ்பத்திரியின் வாசலை மிதிக்காத குடும்பம் அநேகமாக இராது. ஆயினும் அதன் பின்னே நிற்கும் குடும்பத்தின் கதையை முழுவதும் அறிந்தவர்கள் சிலரே. இந்த வாரம் அதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கதை 1819 இல் தொடங்குகிறது. நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு மருத்துவம் செய்துவந்த இளைஞர் ஜான் ஸ்கடர், ஒரு நோயாளியின் வீட்டில் மிஷனரி ஊழியத்தைக் குறித்த சிறுபிரசுரம் ஒன்றை வாசித்தார். அது அவரை விடவில்லை. மனைவி ஹாரியட்டோடு கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தமிழ் கற்று, வைத்தியமும் சுவிசேஷமும் ஒன்றாகச் செய்தார். 1836 இல் சென்னைக்கு வந்தார். பின்பு சில காலம் மதுரை மிஷனிலும் பணி செய்தார். அவருடைய மக்களில் ஏழு குமாரரும் இரண்டு குமாரத்திகளும் இந்தியாவில் ஊழியத்திற்கு வந்தார்கள். அந்தச் சகோதரர்களின் முயற்சியால் 1853 இல் ஆற்காடு மிஷன் உருவாயிற்று. அவர்களில் ஒருவரான சைலஸ் ஸ்கடர் 1866 இல் தொடங்கிய வைத்தியசாலையே இன்றைய இராணிப்பேட்டை ஸ்கடர் நினைவு மருத்துவமனைக்கு வித்து. நான்கு தலைமுறைகளில் அக்குடும்பத்தார் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இவ்விதம் ஊழியத்தில் நின்றார்கள்.

இதை வாசிக்கும்போது, "அது பாக்கியமான குடும்பம், விசுவாசம் அவர்களுக்குச் சொத்தைப்போல் இறங்கி வந்தது" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஐடாவின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை.

ஐடா 1870 டிசம்பரில் இராணிப்பேட்டையில் பிறந்தார். ஏழு குமாரரில் ஒருவரான இரண்டாம் ஜான் ஸ்கடருடைய மகள் அவர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், சிறுபிள்ளையாய் இருந்த அவர், பசியால் சுருண்ட பிள்ளைகளின் வாயில் ரொட்டித்துண்டுகளை ஊட்ட வேண்டியிருந்தது. அந்தக் காட்சியை அவர் மறக்கவில்லை, மறக்கவும் விரும்பினார். அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடித்தபோது, ஸ்கடர் என்ற பெயர் இருப்பதினாலேயே தானும் மிஷனரியாக வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை அவர் மனம் ஏற்கவில்லை. நோயுற்ற தாய்க்கு உதவி செய்வதற்காக மாத்திரமே திண்டிவனத்திற்கு வந்தார். வந்த வேலை முடிந்ததும் திரும்பிப்போவது என்பதே அவருடைய எண்ணம்.

அங்கே ஓர் இரவில், ஒருவர்பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவருடைய வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள். தகப்பனார் மருத்துவர், அவரை அழைத்துப்போகும்படி ஐடா கெஞ்சினார். அந்நிய ஆண் ஒருவர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு மூவரும் இணங்கவில்லை. பொழுது விடிந்தபோது சாவுமேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துபோயினர். அந்தக் காலையில் அவர் பெற்றோரிடம் சென்று, மருத்துவம் படித்துத் திரும்பி வருவேன் என்றார்.

அன்பானவர்களே, இதைக் கவனியுங்கள். பாட்டனார் வாசித்த சிறுபிரசுரம் பேத்திக்குப் போதவில்லை. தகப்பனுடைய ஜெபமும் போதவில்லை. அவருக்கென்று ஓர் இரவு வேண்டியிருந்தது. தீமோத்தேயுவின் பாட்டியாகிய லோவிசாளையும் தாயாகிய ஐனிக்கேயாளையும் பவுல் நினைவுகூருகிறார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அக்கினியை அனல்மூட்டி எழுப்பும் பொறுப்பைத் தீமோத்தேயுவின் கையிலேயே வைக்கிறார். விறகை முன்னோர் அடுக்கி வைக்கலாம். நெருப்பை ஒவ்வொரு தலைமுறையும் தானே ஊதி எழுப்ப வேண்டும்.

ஐடா 1899 இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900 இன் தொடக்கத்தில் வேலூருக்கு வந்தார். சில மாதங்களுக்குள் தகப்பனார் மரித்தார். அருகில் நின்று கற்றுக்கொடுப்பார் என்று நம்பியிருந்த கை மறைந்தது. மிஷன் பங்களாவின் ஒரு சிறிய அறையே முதல் வைத்தியசாலையாயிற்று. தாயார் சோபியா மகளோடேயே வேலூரில் தங்கி, 1925 இல் மரிக்கும்வரை அவருக்கு வீடாக இருந்தார். கல்லூரி வரலாறுகளில் இத்தகைய தாய்மாருக்குக் கிடைப்பது ஒரு வரிதான். அந்தக் கால்நூற்றாண்டு உறுதுணையை நாம் குறைவாக எண்ணலாகாது.

1902 இல், அமெரிக்க வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த பணத்தில், 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1909 இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. ஒரு பெண் மருத்துவரால் எத்தனை கதவுகளுக்குப் போக முடியும்? இந்தியப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்று ஐடா உறுதிகொண்டார். விண்ணப்பிக்கவாவது பெண்கள் வருவார்களா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்திருந்தன. 1922 இல் 14 பெண்கள் முதல் அணியாய்த் தேறி வெளியேறினார்கள். அத்தனை சிறியது அந்தத் தொடக்கம்.

இதுவரை சொன்னது கட்டியெழுப்பிய கதை. இனிச் சொல்லப்போவது அதைவிடக் கடினமானது.

1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, எம்.பி.பி.எஸ். பட்டத்தையே ஏற்பது என்று தீர்மானித்தது. அதற்கு உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்களும், கூடுதல் படுக்கைகளும், ஆய்வுக்கூடங்களும் வேண்டும். அவ்வளவு பணம் இல்லை. இந்தியாவிலிருந்த திருச்சபைகள் அனைத்தும் சேர்ந்து ஆண் பெண் இருபாலருக்குமான ஒரே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவலாம், அது வேலூரிலேயே அமையலாம் என்ற யோசனை எழுந்தது. ஆனால் வேலூர் பெண்களுக்கென்றே பிறந்தது. அமெரிக்காவில் அதற்காகப் பல ஆண்டுகள் நிதி திரட்டிய பெண்கள், "பெண்களுக்கென்று கொடுத்ததை எப்படி மாற்றுவது?" என்று எதிர்த்தார்கள். அவர்களுடைய நியாயத்தை நாம் எளிதாய்த் தள்ளிவிட முடியாது. அவர்கள் ஐடாவின் நெடுநாள் தோழியரும்கூட.

எழுபது வயதைக் கடந்த ஐடா, தன் கனவின் வடிவத்தை மாற்ற இணங்கினார். அதன் விலையாக நட்புகள் முறிந்தன. யுத்தகாலத்தில் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி சேர்த்தார். 1942 இல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947 இல் முதன்முறையாக ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். அதற்கு முந்தின ஆண்டே ஐடா பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இந்தியரான டாக்டர் ஹில்டா லாசரஸ் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஐடாவின் சகோதரர் மகளான டாக்டர் ஐடா பி. ஸ்கடர் அங்கே கதிரியக்க மருத்துவத்தில் உழைத்தார். ஆனால் கல்லூரி குடும்பச் சொத்தாக இறங்கவில்லை. அந்தக் கல்லூரிக்கு ஸ்கடர் கல்லூரி என்று பெயருமில்லை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்பதே அதன் பெயர்.

பொறுப்பை விட்டவர், தாம் நேசித்த கோடைக்கானல் மலைக்கு வந்து தங்கினார். கீழே தாம் தொடங்கியதைத் தமக்குப் பின் வந்தவர்கள் தங்கள் விதத்தில் நடத்துவதை உயரத்திலிருந்து பார்த்து நன்றி செலுத்துவதற்கும் ஒரு கிருபை வேண்டும்.

நான் முன்பு ஊழியம் செய்த ஒரு சேகரத்தில், ஆலயத்தைக் கட்ட நிலம் கொடுத்த குடும்பம் ஒன்று இருந்தது. பாட்டனார் மனமுவந்து கொடுத்தார். பேரன்மாரோ, கமிட்டியில் இடமும், முன்வரிசையில் இருக்கையும், போதகரின் முடிவில் கடைசி வார்த்தையும் தங்களுக்கு உரியவை என்று எண்ணினார்கள். ஒருமுறை ஒரு கூட்டத்தில், "இது எங்கள் தாத்தா கொடுத்த கோயில்" என்ற சொல் எழுந்தபோது, நான் மௌனமாக இருந்துவிட்டேன். அப்போது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்லுகிறேன்: கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும். கையைத் திறந்து கொடுத்தபின், பேரப்பிள்ளைகள் அந்தக் கையை மூடினால், பாட்டனாரின் காணிக்கையே சிறுத்துப்போகும்.

நம் சபையிலும் தலைமுறை தலைமுறையாய்ப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் ஆஸ்பத்திரிகளையும் தாங்கிய குடும்பங்கள் உண்டு. அவர்களைக் கனம்பண்ணுவது நம் கடமை. அவர்களைக் கனம்பண்ணும் சிறந்த வழி பெயர்ப்பலகை அன்று. அவர்கள் தொடங்கியதில் நாமும் நம் பங்கைச் செய்து, உரிய காலத்தில் அடுத்தவர் கையில் ஒப்படைப்பதே.

இந்த வாரம் வீட்டில் ஜெபிக்கும்போது இரண்டு கேள்விகளைக் குடும்பமாய்க் கேட்டுப் பாருங்கள். முன்னோரிடமிருந்து நாம் பெற்ற விசுவாசத்தில், நாமே அனல்மூட்டிய பங்கு எது? நாம் இறுகப் பிடித்திருக்கிறவற்றில், விட்டுக்கொடுக்க வேண்டியது எது?

ஜெபம்: பரம பிதாவே, எங்களுக்கு முன் விதைத்தவர்களுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். பெயர் தெரிந்தவர்களுக்காகவும், பெயர் அறியப்படாமல் சுமந்தவர்களுக்காகவும் நன்றி செலுத்துகிறோம். பெற்றுக்கொள்ளத் தாழ்மையும், உழைக்கப் பெலனும், ஒப்படைக்க மனதும் எங்களுக்குத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்