சனிக்கிழமைப் பிற்பகல்

வன்னிக் கிராமங்களில், வயல் வேலையும் கூலி வேலையும் முடித்த இளைஞர்கள் மாலை வேளைகளில் உதைபந்தாடுவதைக் காண்கிறோம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகங்களின் சட்டைகளைச் சிலர் அணிந்திருக்கின்றனர். அச்சட்டைக்குப் பின்னால் ஒரு தொழிலாளர் வரலாறு உண்டென்பதை நாம் அவர்களுக்குக் கற்பித்தோமா?

ஓய்வு என்பது முதலாளி ஈந்த கொடையன்று. நெடிய கிளர்ச்சியின் பயனாக வந்த 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பின் நெசவாலைகளில் வேலை செய்வதைத் தடுத்தது. அவர்களின்றி ஆலை ஓடாது. ஆகவே ஆடவருக்கும் அந்த அரைநாள் கிட்டியது. சனிக்கிழமை 3 மணிக்குப் பந்தயம் தொடங்கும் வழக்கம் இதன் வழி வந்ததே.

1883இல் இங்கிலாந்துக் கிண்ண இறுதிப் போட்டியில், நெசவாளரும் வார்ப்பாலைத் தொழிலாளரும் கொண்ட பிளக்பேர்ண் ஒலிம்பிக் அணி, பிரபுக்களின் பள்ளியில் பயின்ற ஓல்ட் எற்றோனியன்ஸ் அணியை 2–1 என்று வென்றது. ஊதியம் பெறாது ஆடுவதே தூய்மை என்றனர் கனவான்கள். வயிறு நிறைந்தவனுக்கு அது எளிது. ஒருநாட் கூலியை இழந்தால் அடுப்பெரியாத வீட்டான் என்செய்வான்? 1885இல் ஊதிய ஆட்டம் சட்டபூர்வமாயிற்று. துணி வணிகரான வில்லியம் மக்கிரகரின் முயற்சியால் 1888இல் 12 கழகங்களுடன் லீக் தோன்றியது.

ஆனால் ஊதியம் வந்ததும் விலங்கும் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் கழகத்தின் அனுமதியின்றி வீரன் வேறிடம் செல்லல் இயலாது. 1901 முதல் வாரத்துக்கு 4 பவுணே உச்ச ஊதியம். கூட்டம் பல்லாயிரமாகப் பெருகியும் ஆடியவனின் வருவாய்க்கு வரம்பு! 1907இல் வீரர்கள் சங்கம் அமைத்தனர். 1961இல் ஜிம்மி ஹில் தலைமையில் வேலைநிறுத்தத்துக்கு அவர்கள் ஆயத்தமான பின்னரே, அப்போது 20 பவுணாயிருந்த அவ்வரம்பு நீங்கியது. வீரனைக் கட்டிவைக்கும் முறை நியாயமற்றதென 1963இல் ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் வழக்கில் நீதிமன்றம் தீர்த்தது.

1992இல் முதற் பிரிவுக் கழகங்கள் பிரிந்து பிரீமியர் லீக்கை அமைத்தன. ஐந்தாண்டுத் தொலைக்காட்சி உரிமை 304 மில்லியன் பவுணுக்கு விலைபோயிற்று. தொழிலாளியின் அரைநாளில் முளைத்த ஆட்டம் பெருமூலதனத்தின் சரக்காயிற்று. அச்சரக்கே இன்று வன்னிக் குடிசையின் திரைக்கும் வருகிறது.

நம் இளைஞரின் நிலை என்ன? 2009இல் போர் ஓய்ந்த பின், கண்ணிவெடி அகற்றியே பல நிலங்களில் கால்வைக்க முடிந்தது. 2018இல் வடக்கு, கிழக்கு அணிகளுக்கென ஒரு பிரீமியர் லீக் நடந்தது. வன்னி அணிகளும் ஆடின. எனினும் ஒரு பருவத்துத் தொடர் ஒருவனின் வாழ்வுக்குத் தொழிலாகிவிடாது. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை இலங்கைச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியது. மேலிடத்துப் பூசலுக்கு விலை கொடுத்தவர்கள் ஆட்டக்காரரே.

கூலியை இழந்து பயிற்சிக்கு வர முடியாத முல்லைத்தீவு இளைஞனின் கேள்வி, அன்று பிளக்பேர்ண் நெசவாளன் கேட்ட கேள்வியன்றோ? அந்நெசவாளனுக்கு விடை தந்தது கருணையன்று, ஒன்றுபட்ட போராட்டம். மைதானமும் ஓய்வும் உரிய ஊதியமும் உரிமைகள் என்பதை நம் ஆசிரியர்கள் வகுப்பறையில் சொல்லட்டும். சட்டையிலுள்ள பெயரை மனனம் செய்த மாணவன், அதனை நெய்தவனின் வரலாற்றையும் அறியட்டும்.