நுவரெலியாவில் நட்ட இங்கிலாந்து

நுவரெலியாவைச் 'சின்ன இங்கிலாந்து' என்று பயணிகள் கொஞ்சுவதுண்டு. அந்தக் கோலம் தானாக வந்ததன்று. அதை நட்டுப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

1848-இல் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் தம் நாட்டுக் கிராமம் ஒன்றையே இங்கு பெயர்த்துவர முனைந்தார். கொல்லன், பண்ணைக் காரியக்காரர், டர்ஹாம் பசு, வேட்டைநாய்கள் எல்லாம் கப்பலேறி வந்தன. மலைப்பாதையில் வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் உருண்டன. பசு ஊர் வந்து சேராமலே செத்தது. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. பேக்கரே இவற்றை நகைச்சுவையோடு எழுதி வைத்திருக்கிறார். 1855-இல் நாடு திரும்பினார். பிறகு நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய்ப் புகழ் பெற்றது வேறு கதை.

கிராமம் மட்டும் வேர்பிடித்தது. 1852-இல் திரித்துவ தேவாலயம், 1876-இல் ஹில் கிளப். கோப்பியை இலைநோய் அழித்தபின் மலையெங்கும் தேயிலை.

பொகவந்தலாவை தேவாலயக் கல்லறையில், 1879-இல் மறைந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோனின் கல்லைக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தேன். உடன் வந்த லயத்துப் பெரியவர் மெல்லச் சொன்னார்:

"எங்க தாத்தாவப் பொதச்ச எடத்துல இப்ப தேயிலை நிக்குதுங்க ஐயா."

மன்னாரிலிருந்து காடு கடந்து நடந்தே வந்தவர்களின் பேரர் அவர். அம்மக்களில் மிகப்பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை 2003-இல்தான் கிடைத்தது.

விடைபெறுகையில் முகவரி கேட்டேன். தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் சொன்னார். கடிதம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வருமாம்.