குடத்தில் இட்ட ஓலையும் கணிப்பொறியின் விதையும்

தஞ்சைப் பகுதியில் நிலம் பார்க்கப் போகிறவர் முதலில் என்ன கேட்பார் தெரியுமா? “தலைமடையா, கடைமடையா?” என்றுதான் கேட்பார். கல்லணையில் பிரிந்து, ஆறாகவும் வாய்க்காலாகவும் கிளைத்து ஓடிவரும் நீர் தலைமடை வயலுக்கு முதலில் கிடைக்கும். கடைமடைக்கு வந்து சேருமா என்பது அந்தந்த ஆண்டைப் பொறுத்தது. பயிர் காய்ந்தால் குடும்பமும் காயும்.

அப்படியானால் ஒரே ஊரில் யாருக்குத் தலைமடை, யாருக்குக் கடைமடை? பழைய தஞ்சை ஊர்கள் பலவற்றில் இதற்கு ஒரு வழி இருந்தது. கரையீடு என்பது அதன் பெயர். ஊர் நிலம் பங்குதாரர் அனைவருக்கும் பொது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு வயல்களை மாற்றிப் பங்கிட்டுக்கொள்வார்கள். எந்தக் குடும்பமும் என்றென்றும் கடைமடையில் கிடக்க வேண்டியதில்லை. அந்தச் சீட்டில் மிராசுதார்களின் பெயர்தான் இருந்தது, சேற்றில் இறங்கி உழைத்த பண்ணையாளின் பெயர் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் நிலங்கள் தனித்தனிப் பெயர்களில் நிலைத்தபோது இந்த வழக்கம் மெல்ல மறைந்தது.

சரி, சீட்டு எடுக்கும் கை நேர்மையான கைதானா? இந்தக் கேள்விக்கு நுணுக்கமான விடை எழுதிவைத்தவர்கள் சோழர் காலத்தவர்கள். தஞ்சையிலிருந்து வளர்ந்த அந்த அரசின் ஆட்சி வடக்கே தொண்டை நாட்டிலும் பரவியிருந்தது. விடை இருப்பதும் அங்கேதான், உத்திரமேரூரில்.

கையை நம்பாத ஊர்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது, மற்றது விதிகளைத் திருத்தி 921இல் வெட்டப்பட்டது. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை இவை சொல்கின்றன. ஏரி வாரியமும் அவற்றுள் ஒன்று. போட்டியிடத் தகுதி பெற்றவர்கள் நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்கள் மட்டுமே. நாம் இங்கே கவனிக்க வேண்டியது குலுக்கல் நடந்த விதம்.

ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டாரங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபையார், சிறுவர் முதல் முதியவர் வரை, கூடியிருப்பார்கள். கோயில் நம்பிமாருள் மூத்தவர் எழுந்து, எல்லாரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். அவர் படித்த பெயரை நம்பிமார் அனைவரும் மறுபடி படிக்க வேண்டும்.

விரலை ஏன் விரிக்க வேண்டும்? விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்துவைத்து மாற்றிவிடக் கூடாதே! ஒவ்வொரு விதியும் ஒரு திருட்டை அடைக்கும் மடை. முடிவை யாரும் முன்கூட்டி அறியக் கூடாது. யாரும் தம் பக்கம் திருப்பவும் கூடாது. இவ்விரண்டும் சேர்ந்ததுதான் பாதுகாப்பான குலுக்கல்.

கணிப்பொறிக்குச் சிறுவன் ஏது?

இன்று கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. அதைக் கைப்பேசி வழியே வேறொருவருக்கு அனுப்பப் போனால், ஆறு இலக்க ஒருமுறைக் கடவுச்சொல் ஒன்று வருகிறதல்லவா? 10 இலட்சம் எண்களில் ஒன்றைக் கணிப்பொறி குலுக்கி எடுத்திருக்கிறது. ஆனால் கணிப்பொறியோ சொன்னதைச் செய்யும் பொறி. அது எப்படிக் குலுக்கும்?

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 7இல் தொடங்குங்கள். 5ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடி செய்யுங்கள். 7, 6, 1, 8, 11 என்று வரும். பார்வைக்கு ஒழுங்கே இல்லை. ஆனால் விதி தெரிந்தவருக்கு அடுத்தது 10 என்பது உடனே தெரியும்! இவ்வகை முறையை அமெரிக்கக் கணித அறிஞர் லெமர் 1949இல் எடுத்துரைத்தார். ஆய்வுகளுக்கு இது போதும். பணத்தைக் காக்கப் போதாது.

தொடங்கும் எண்ணை ‘விதை’ என்பார்கள். விதை நெல் எதுவோ அதுதானே விளையும்? விதையைக் கண்டுபிடித்தவன் விளைச்சல் முழுவதையும் கண்டவன் ஆவான். கடிகாரத்தின் வினாடியை விதையாக வைத்தால் என்ன ஆகும்? ஒரு நாளில் 86,400 வினாடிகளே உண்டு. எந்த மணியில் தொடங்கியது என்று தெரிந்தால் 3,600 முயற்சி போதும். 1995இல் இதுவே நடந்தது. நெட்ஸ்கேப் உலாவி கடிகார நேரத்தையும் எளிதில் ஊகிக்கத்தக்க இரண்டொரு எண்களையும் விதையாகக் கொண்டிருந்தது. இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்னும் இரு மாணவர்கள் அதன் பூட்டைத் திறந்து காட்டினார்கள்.

ஆகவே விதை வெளியிலிருந்து வர வேண்டும். விசையை நாம் அழுத்தும் நேர இடைவெளி, மின்சுற்றின் வெப்ப இரைச்சல் போன்ற, யாராலும் கணிக்க முடியாதவற்றை இயக்க முறைமை சேர்த்து வைக்கிறது. லினக்ஸில் இவ்வசதி 1994இல் வந்தது. குடத்தில் கைவிடும் அந்த அறியாச் சிறுவன் இதுதான்.

இழைக்கு ஒரு குடம்

பெரிய நிரல் ஒன்று ஒரே சமயத்தில் பல வேலைகளைப் பார்க்கும்போது, ஆறு வாய்க்கால்களாகப் பிரிவது போலப் பல இழைகளாக ஓடும். எல்லா இழைகளும் ஒரே குடத்துக்கு வந்தால் ஒன்றுக்காக மற்றொன்று காத்து நிற்கும். இழைக்கு ஒரு குடம் வைத்தால் காத்திருப்பு இல்லை. ஜாவா மொழியில் 2011இல் அப்படி ஒன்று வந்தது. ஆனால் அது விரைவுக்கு மட்டுமே. இரகசியத்துக்கு ஆகாது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. இரண்டு குடங்களில் ஒரே விதை விழுந்துவிட்டாலும் ஆபத்துத்தான். இரண்டும் ஒரே எண்களைக் கொடுக்கும்.

சரியான வழி இதுதான். ஒவ்வோர் இழையின் குடத்துக்கும் இயக்க முறைமையிடமிருந்து தனி விதை பெற வேண்டும். டேனியல் பெர்ன்ஸ்டைன் 2008இல் வெளியிட்ட சாச்சா போன்ற வலுவான முறையால் அதைப் பெருக்க வேண்டும். அவ்வப்போது புது விதை இட வேண்டும். ஒரு குடத்திலிருந்து வேறொரு குடத்துக்கு மாற்றிக் குலுக்கிய உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறதல்லவா?

சாச்சாவின் விதிகளை உலகில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். விதை மட்டுமே இரகசியம். முறையை மூடி வைப்பது பாதுகாப்பன்று என்று டச்சுக்காரரான கெர்க்காஃப்ஸ் 1883இல் எழுதினார். உத்திரமேரூரார் அதற்கு ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு முன்பே முறை முழுவதையும் ஊரறியக் கல்லில் வெட்டிவிட்டார்கள். அடுத்த முறை ஆறு இலக்கம் உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, ‘இதன் விதை எங்கிருந்து வந்தது?’ என்று ஒரு கணம் கேட்டுப் பாருங்கள்.