நடுவிலிருந்து தொடங்கியவர்

"நாளைக்குப் பாப்பம்" எண்டு நாங்கள் தள்ளி வைக்கிற வேலைகள் பெரும்பாலும் பெரிய வேலைகள்தான். எங்கே தொடங்குவது எண்டே தெரியாது. அப்படி ஒரு வேலையில் கைவைத்த எங்கட ஊர்க்காரர் ஒருவரைப் பார்ப்போம்.

சி.வை. தாமோதரம்பிள்ளை 1832இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். தமிழ்நாட்டில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பழைய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

அது லேசான வேலை இல்லை. ஏட்டைப் பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும், இடையில் சில ஓலைகள் காணாமலே போயிருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இராது. ஒரு பிரதியில் இருப்பது மற்றதில் வேறுமாதிரி இருக்கும். எல்லாப் பிரதியும் கிடைக்கட்டும், எல்லா ஐயமும் தீரட்டும் என்று காத்திருக்க அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனால் காத்திருக்கும் நேரத்திலும் ஓலை உக்கிக்கொண்டுதான் இருக்கும்.

தொல்காப்பியத்தின் வரிசை எழுத்து, சொல், பொருள். அவர் பதிப்பித்த வரிசையைப் பாருங்கோ. ஆறுமுக நாவலர் பரிசோதித்துக் கொடுக்க, 1868இல் சேனாவரையர் உரையோடு சொல்லதிகாரம். 1885இல் பொருளதிகாரம். முதலில் வரவேண்டிய எழுத்ததிகாரம் 1891இல்தான்! அது மழவை மகாலிங்கையர் பதிப்பாக 1847இலேயே அச்சேறிவிட்டது. அதற்கு அவ்வளவு அவசரமில்லை.

இன்னொன்றும் கவனிக்கவேணும். 1868க்குப் பிறகு அவர் வீரசோழியத்தை வெளியிட்டது 1881இல். இடையில் 13 வருசம். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. "இனி என்னத்தை" எண்டு அவர் விட்டுவிடவில்லை. இறையனார் அகப்பொருள், கலித்தொகை, சூளாமணி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான். எட்டுத்தொகையில் முதலில் அச்சேறிய நூல் 1887இல் அவர் பதிப்பித்த கலித்தொகை. அவருடைய பதிப்புகளில் பிழைகள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். திருத்துவதற்கு அவர்கள் கையில் ஒரு புத்தகம் இருந்தது.

ஆக, ஒரு வேலையை முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்கவேணும் எண்டு சட்டமில்லை. அசைன்மென்டுக்கு முன்னுரை வரேல்லையெண்டால் தெரிஞ்ச பகுதியை முதலில் எழுதுங்கோ. அம்மம்மா சொல்லுற ஊர்க்கதைகளை எழுதி வைக்க யோசிச்சிருந்தால், நல்ல ரெக்கோடர் வாங்கும்வரை பாக்காதீங்கோ. இண்டைக்குப் பின்னேரம் அவவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியோட இருந்து, ஒரு கதையைக் கேட்டு எழுதுங்கோ. எந்தக் கதை முதலில் வந்தாலும் பரவாயில்லை.