வியர்வை படிக்கும் கைப்பட்டை

அது கிறிஸ்துமஸ் விடுமுறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில், பேராசிரியர் ரோசலிண்ட் பிக்கார்டிடம் மாணவர் ஒருவர் கைப்பட்டைகளை இரவல் வாங்கிப் போனார். ஆட்டிசம் உள்ள அவருடைய தம்பிக்குப் பேச்சு வராது. எது அவனைப் படபடக்க வைக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளலாமே! இரு கைகளிலும் ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டார்.

பதிவுகளைப் பார்த்த பிக்கார்டு திகைத்தார். ஒரு கையில் கோடு மலைபோல் எழுந்திருக்கிறது. மறு கையில் அசைவே இல்லை. படபடப்பு ஒரு கைக்கு மட்டும் வருமா? கருவி பழுதோ என்று சோதித்தார், பழுதில்லை. கடைசியில் மாணவரின் வீட்டுக்கே போன் செய்தார். மாணவர் தன் குறிப்பேட்டைப் புரட்டினார். அந்த உச்சத்தை அடுத்து, தம்பிக்கு வலிப்பு வந்திருந்தது.

பட்டை அளப்பது தோலின் ஈரத்தை. மனம் கலங்கினால் நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும். உப்பு கலந்த அந்த ஈரத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும். 1888-லேயே பிரான்சில் சார்லஸ் ஃபெரே இதைக் கவனித்துவிட்டார். பிறகு அது காவல் நிலையத்துக்குப் போயிற்று. 1921-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவலர் ஜான் லார்சன், இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் சேர்த்துப் பதியும் கருவியைச் செய்தார். அவரிடம் பழகிய லெனார்டு கீலர் வியர்வையையும் அதில் சேர்த்தார். ஊர் அதைப் பொய் கண்டறியும் கருவி என்றது. அந்தப் பெயர் எனக்கு இன்றும் உறுத்துகிறது. வியர்க்கிறது என்றுதான் தோல் சொல்லும். ஏன் என்று சொல்லாது. போலீஸ் முன் உட்கார்ந்தால் குற்றமற்றவனுக்கும் வியர்க்கும். பிற்காலத்தில் லார்சனே அதை வெறுத்தார். 2010-இல் செல்வி வழக்கில், சம்மதமின்றி யாரையும் இச்சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாணவரின் தம்பியிடம் கண்ட உச்சத்துக்கு விடை காண, பிக்கார்டு பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நரம்பு அறுவை நிபுணர் ஜோசப் மேட்சனைத் தேடிப் போனார். வலிப்பு நோயாளிகளுக்குப் பட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். பெருவலிப்பின்போது கோடு எழுந்தது. மூளையின் ஆழத்தில் நடக்கும் மின்கொந்தளிப்பு வியர்வைச் சுரப்பியையும் உலுக்கிவிடுகிறது.

2018-இல், இதன் வழியில் வந்த 'எம்ப்ரேஸ்' கைப்பட்டைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்.டி.ஏ.) அனுமதி கிடைத்தது. கையின் உதறலையும் தோலின் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்து, வலிப்பு என்று தோன்றினால் வீட்டாரின் போனுக்குச் செய்தி அனுப்பும். தூக்கத்தில் வலிப்பு வந்து, பக்கத்தில் ஆளில்லாமல் போன உயிர்கள் உண்டு. இப்போது அடுத்த அறையில் படுத்திருக்கும் அம்மாவின் போன் ஒலிக்கிறது.